இரண்டாம் முறை வரவைப்பதுதான் வேலை: ராமநாதபுரம் கடற்கரையில் மாணவர்களுக்கான மனநலச் செவிலியர் பணி, படிப்படியாக

மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு எந்த மாணவரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவதில்லை. தலைவலி, வயிற்றுவலி, நெஞ்சு படபடப்பு, பிரேயரில் மயக்கம், ராத்திரி தூக்கமில்லை, "கை கால் ஓயுது சிஸ்டர்" என்றுதான் வருவார்கள். முதல் தடவை எப்படியும் வந்துவிடுவார்கள். அம்மா இழுத்து வருவார், பி.டி. வாத்தியார் பைக்கில் ஏற்றி வருவார், சில நேரம் 108 கொண்டுவந்து இறக்கும். அந்தப் பிள்ளை இரண்டாவது தடவை தானாக வருமா என்பதுதான் செவிலியர் கையில் இருக்கிறது. ஒரே உட்காரலில் மனபாரத்தை எல்லாம் இறக்கிவைக்க முடியும் என்று நான் நம்புவதில்லை. பத்து நிமிடம் பேசி, மறுபடி வரவைத்து, மறுபடியும் வரவைப்பதுதான் இந்த வேலை. கீழே உள்ள ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் வரையிலும், அந்தப் பக்கம் பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் வரையிலும் உள்ள சுகாதார நிலையங்களில் வேலை பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ், இடைநிலை சுகாதாரச் செவிலியர், மாவட்ட மனநலத் திட்டத்தில் சேர்ந்திருக்கும் மனநலச் செவிலியர் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

1. உங்கள் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, செவிலியத்தில் பட்டயமோ பட்டமோ பெற்று மாநில நர்சிங் கவுன்சிலில் பதிந்தவர்களும் மனநலச் செவிலியர் என்ற வரையறைக்குள் வருகிறார்கள். மனநலச் செவிலியத்துக்கென்று ஓராண்டு போஸ்ட் பேசிக் டிப்ளமா இருக்கிறது, முடிந்தவர்கள் படித்துவிடுங்கள். படிக்காதவர்களும் இந்த வேலையைத் தொடங்கலாம். கவனிப்பது, கேட்பது, உடல் பரிசோதனை, ஆபத்தைக் கணிப்பது, மருந்து ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்பது, குடும்பத்தோடும் பள்ளியோடும் தொடர்பு வைப்பது, சரியான நேரத்தில் மேலே அனுப்புவது எல்லாம் நம் வேலை. நோய்க்குப் பெயர் வைப்பதும் மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் மருத்துவர் வேலை.

மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவரும் உளவியலாளரும் எந்தக் கிழமை எந்த மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்பதை வேலையில் சேர்ந்த முதல் வாரமே கேட்டு, மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வையுங்கள். போன் நம்பரும் வேண்டும். சிக்கலான பிள்ளையைப் பார்த்த அன்றைக்கு நம்பரைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

2. கடலின் காலண்டரையும் பள்ளியின் காலண்டரையும் ஒன்றாக வைத்துப் படியுங்கள்

வெளியூரிலிருந்து போஸ்டிங் வரும் இளம் செவிலியர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுப்பேன். இங்கே ஒரு வீட்டின் மனநிலை கடலைப் பொறுத்தது. ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், மிச்ச நாள் நாட்டுப்படகுக்கு என்பது பழைய ஏற்பாடு. காற்று எச்சரிக்கை வந்தால் மீன்வளத் துறை கடலுக்குப் போக டோக்கன் கொடுக்காது. அன்றைக்கு அப்பா வீட்டில். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை படகைப் பிடித்தால் அப்பா சிறையில், படகும் போச்சு, வட்டிக்கு வாங்கிய பணமும் போச்சு. அதற்கடுத்த வாரம் அந்தத் தெருப் பிள்ளைகள் பாதிப் பேர் பள்ளிக்கு வரமாட்டார்கள். பதினாறு, பதினேழு வயசுப் பையன் அப்பாவுக்குப் பதிலாகப் படகேறிவிடுவான். வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே தொடர்ந்து விழும் ஆப்சென்ட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், நமக்கு அதுவும் ஒரு நோய்க்குறிதான்.

எல்லாவற்றையும் விட முக்கியம் மே மாதம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். பத்து, பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வருவது அதே மே மாதத்தில். நீட் தேர்வும் வழக்கமாக மே முதல் வாரத்தில். வீட்டில் வருமானம் இல்லை, அப்பா பகல் முழுக்க வீட்டில், சாராயக் கடைக்குப் போக நேரம் உண்டு, மார்க் வந்திருக்கிறது, பள்ளிக்கூடம் மூடிக் கிடக்கிறது. பிள்ளையைத் தினமும் பார்க்கும் டீச்சர் கண்ணும் அப்போது இல்லை. அதனால் ஏப்ரல் முதல் வாரத்துக்குள், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் கோடைப் பட்டியல் ஒன்று தயாராக வேண்டும்: வீட்டில் யார் போன், பகலில் அந்த போன் யாரிடம் இருக்கும், அந்தத் தெருவுக்கு எந்த கிராம சுகாதாரச் செவிலியர் போகிறார், எந்த அத்தை வீட்டுக்கு அந்தப் பிள்ளை ஓடிப்போகும். ரிசல்ட் வரும் நாளன்று காலையில் அந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்கு நீங்களே போன் போடுங்கள். தோற்றவர்களுக்குத் துணைத்தேர்வு உடனே வருகிறது, வருஷம் வீணாகாது என்ற தகவலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். "கவலைப்படாதே" என்பதை விட அது நூறு மடங்கு உதவும்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வேறு காலண்டர். வாப்பா சபுரில், அதாவது வெளிநாட்டு வேலையில், இருப்பார். அவர் விடுமுறைக்கு வரும் மாதமும், திரும்பிப் போன அடுத்த வாரமும் பிள்ளைகள் நடத்தை மாறும். சாயல்குடிப் பக்கம் பனை சீசனில் குடும்பமே பனங்காட்டு விடிலிக்கு, அதாவது அங்கே போடும் ஓலைக் குடிசைக்கு, போய்விடும், பள்ளியும் விடுபடும். உங்கள் ஊருக்கு எது காலண்டர் என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டால் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சொல்லிவிடுவார்.

3. இடம், நேரம், சீட்டு

"மனநலப் பிரிவு" என்று போர்டு மாட்டினால் அந்தப் பக்கம் ஒரு பிள்ளையும் வராது. 10 முதல் 19 வயதுக்காரர்களுக்கென்று 2014இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத்திட்டத்தின் கீழ் சுகாதார நிலையங்களில் வளரிளம் பருவத்தினர் கிளினிக் உண்டு. அந்தப் பெயரிலேயே உட்காருங்கள். இரும்புச்சத்து மாத்திரை, மாதவிடாய் வலி, முகப்பரு என்று வருபவர்களுக்கு நடுவே நம் பிள்ளைகளும் வந்து போகட்டும்.

தனி அறை கிடைக்காது, தெரியும். தடுப்பூசி அறை மதியத்துக்குப் பிறகு காலியாக இருக்கும், அதைப் பிடியுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு பேசக் கூடாது, அரைக் கதவு திறந்திருக்கட்டும், வெளியே இருப்பவர் பார்க்கலாம், கேட்கக் கூடாது. பெண் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு இது பெரிய நிம்மதி. பள்ளி விட்டு ஊருக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொண்டு நேரம் கொடுங்கள். அந்த பஸ்ஸை விட்டால் வீட்டில் விசாரணை நடக்கும், அதோடு பிள்ளை வருவது நின்றுவிடும்.

ஓ.பி. சீட்டு விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். அந்தச் சீட்டு வீட்டில் டிவி மேல் கிடக்கும், பக்கத்து வீட்டுச் சித்தி எடுத்துப் பார்ப்பார், பள்ளியில் லீவ் லெட்டரோடு பின் குத்திக் கொடுக்கப்படும். அதில் "டிப்ரஷன்", "சூசைடல்" என்று எழுதி அனுப்பாதீர்கள். சீட்டில் உடல் அளவுகளும் அடுத்த தேதியும் போதும். முழுக் குறிப்பும் பூட்டிய அலமாரியில் உள்ள பதிவேட்டில், எண் போட்டு இருக்கட்டும். பதிவேட்டில் மட்டும் எதையும் சுருக்காதீர்கள். நீங்கள் லீவில் போனால் அடுத்தவர் அதைப் படித்துத்தான் பிள்ளையைப் பார்க்கப் போகிறார்.

4. உடம்பை முதலில் பாருங்கள், நிஜமாகவே பாருங்கள்

மனசுதான் காரணம் என்று தோன்றினாலும் எடை, பி.பி., நாடி, ஹீமோகுளோபின் பார்க்காமல் பேச்சைத் தொடங்க வேண்டாம். சோர்வு, கவனமின்மை, படபடப்புக்கு ரத்தசோகை ஒரு பெரிய காரணம், தைராய்டும் உண்டு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5ஆம் வகுப்பு வரைதான். எட்டாம் வகுப்புப் பெண் டீயைக் குடித்துவிட்டு இரண்டு கிலோமீட்டர் நடந்து வந்து பிரேயரில் நின்றால் மயங்கத்தான் செய்வாள்.

ஃபிட்ஸ் மாதிரி வரும் பிள்ளைகளிடம் நிதானம் வேண்டும். வலிப்பு நோயில் பெரும்பாலும் கண் திறந்திருக்கும், நாக்கின் பக்கவாட்டில் கடிபடும், சிறுநீர் போகலாம், முடிந்ததும் கொஞ்ச நேரம் குழப்பமும் தூக்கமும் இருக்கும். மன அழுத்தத்தால் வரும் வலிப்பில் கண் இறுக மூடியிருக்கும், தலை இப்படியும் அப்படியும் ஆடும், நீண்ட நேரம் நீடிக்கும். ஆனால் இதை வைத்து நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். ஒரே பிள்ளைக்கு இரண்டும் இருக்கலாம். முதல் முறை வந்த வலிப்பு எதுவானாலும் மருத்துவர் பார்த்தாக வேண்டும். வீட்டில் யாராவது போனில் வீடியோ எடுத்திருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். மருத்துவருக்கும் அது பெரிய உதவி. மனம் சார்ந்தது என்று பிறகு உறுதியானாலும் "நடிக்கிறாள்" என்ற சொல் நம் வாயிலிருந்து வரவே கூடாது. அவளுக்குத் தெரிந்து அவள் செய்வதில்லை அது.

ஒரு வகுப்பில் ஒருத்தி மயங்கி, அடுத்தடுத்து ஆறேழு பேர் விழுந்தார்கள் என்று போன் வந்தால், முதலில் சாப்பாடு, தண்ணீர், வாடை ஏதும் காரணமா என்று மருத்துவரோடு போய்ப் பார்த்து அதை ஒதுக்குங்கள். பிறகு விழுந்தவர்களைத் தனித்தனி அறையில் படுக்க வையுங்கள், கூட்டத்தைக் கலையுங்கள், செல்போன் கேமராக்களை வெளியே அனுப்புங்கள். முதலில் விழுந்தவள் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பரபரப்பு அடங்கிய பிறகு தனியாகப் பேச வேண்டியது அவளோடுதான்.

5. பேச்சைத் தொடங்குவது

பலரிடம் நடந்ததைச் சேர்த்து ஒரு உரையாடலாக எழுதிக் காட்டுகிறேன். ஒன்பதாம் வகுப்புப் பையன், மூன்று வாரமாகத் தலைவலி. அம்மா பாசி எடுக்கப் போகிறவர். கூட்டிவந்து விட்டுவிட்டு மருந்து வரிசையில் நிற்கிறார்.

"தம்பி, காலைல சாப்பிட்டியாப்பா?"

"ம்."

"என்ன சாப்பிட்ட?"

"டீ."

"அப்பா தொழிலுக்குப் போயிருக்காகளா?"

"நேத்துப் போகல. டோக்கன் குடுக்கல."

"அப்ப வீட்லதான் இருந்தாகளா?"

பதில் இல்லை. கையிலிருக்கும் சீட்டைச் சுருட்டிக்கொண்டே இருக்கிறான்.

"அப்பா வீட்ல இருந்தா தலைவலி கூடுமா, குறையுமா?"

கொஞ்ச நேரம் கழித்து, "கூடும்."

முதல் நாளுக்கு இவ்வளவு போதும். "குடிச்சிட்டு அடிப்பாகளா?" என்று அடுத்த கேள்வியைக் கேட்கத் துடிக்கும் நாக்கை அடக்குங்கள். அவன் அப்பாவைப் பற்றி அந்நியரிடம் சொல்லிக்கொடுத்த குற்ற உணர்வோடு வீட்டுக்குப் போனால் திரும்பி வரமாட்டான். "வியாழக்கிழமை ஸ்கூல் விட்டு நேரா வா, பி.பி. இன்னொரு தடவை பாக்கணும்" என்று உடம்பைச் சாக்காக வைத்து ஒரு தேதி கொடுங்கள். அந்தச் சாக்கு அவனுக்கும் தேவை, அவன் அம்மாவுக்கும் தேவை. ஒன்று மட்டும் விதிவிலக்கு: உடம்பில் காயம் இருந்தாலோ, இன்றைக்கு வீட்டுக்குப் போகப் பயமாக இருக்கிறது என்றாலோ வியாழக்கிழமை வரை காத்திருக்க முடியாது. குழந்தைகள் உதவி எண் 1098க்கு அன்றே பேச வேண்டும்.

அடுத்தடுத்த சந்திப்புகளில் சுலபமானதிலிருந்து கஷ்டமானதுக்குப் போங்கள்: வீட்டில் யார் யார், பள்ளி எப்படி, யாரோடு விளையாடுவாய், போனில் என்ன பார்ப்பாய், தூக்கமும் சாப்பாடும், பிறகு ஹான்ஸ், கூல் லிப் மாதிரி வாயில் அடக்கும் புகையிலை, பீர், கஞ்சா, பிறகு காதல், உடம்பைத் தொட்டவர்கள், கடைசியாகச் சாவு பற்றிய எண்ணம். போதைப் பொருளைப் பற்றிக் கேட்கும்போது "உன் செட்ல யாராச்சும் போடுவாங்களா?" என்று தொடங்கினால் பதில் வரும். மண்டபம் இலங்கைத் தமிழர் அகதி முகாம் பிள்ளைகளிடம் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையாகக் கேள்வி கேட்காதீர்கள். அந்த வீடுகளுக்கு விசாரணைகள் பழக்கம். நீங்களும் அந்த வரிசையில் ஒருவராகிவிடுவீர்கள். முதலில் பேசுங்கள், அவர்கள் போன பிறகு எழுதுங்கள்.

6. கேள்வித்தாள்கள்

பி.எச்.க்யூ-9 கடந்த இரண்டு வாரத்து மனச்சோர்வை அளக்கும். 27க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒன்பதாவது கேள்விக்குப் பூஜ்யம் தவிர வேறு எது வந்தாலும், மொத்த மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும், அன்றே உட்கார்ந்து பேசியாக வேண்டும். பதற்றத்துக்கு ஜி.ஏ.டி-7. சின்னப் பிள்ளைகளின் மனநிலையையும் நடத்தையையும் பார்க்க 25 கேள்விகள் கொண்ட எஸ்.டி.க்யூ, டீச்சரையும் அம்மாவையும் நிரப்பச் சொல்லலாம். தாளைக் கையில் கொடுத்து டிக் அடிக்கச் சொன்னால் எல்லாவற்றுக்கும் "இல்லை" வரும். நீங்களே வாசித்து, இந்த ஊர்ப் பேச்சில் கேளுங்கள். மதிப்பெண் ஒரு கைவிளக்குதான், பி.எச்.க்யூ-வில் 6 வாங்கிய பிள்ளையின் முகம் உங்களுக்குச் சரியில்லை என்றால் முகத்தை நம்புங்கள்.

7. சாவைப் பற்றி நேராகக் கேட்பது

கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பயப்படுகிறோம். வராது. இது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெளிவான விஷயம். கேட்காமல் விடுவதில்தான் ஆபத்து. சுற்றி வளைக்காமல், குரலை மாற்றாமல் கேளுங்கள்: "இவ்வளவு கஷ்டமா இருக்கறப்ப செத்துப் போயிடலாம்னு தோணியிருக்கா?" ஆமாம் என்றால் முகத்தில் அதிர்ச்சி காட்டாமல் அடுத்தது: எப்போதெல்லாம் தோன்றும், எப்படி என்று யோசித்ததுண்டா, அதற்கு ஏதாவது எடுத்து வைத்திருக்கிறாயா, முன்பு முயற்சி செய்ததுண்டா, எது உன்னைத் தடுத்தது. கடைசிக் கேள்வியை விடாதீர்கள். "தங்கச்சி தனியா இருப்பா" என்று ஒரு பதில் வரும். சிகிச்சையின் பாதி அதில் இருக்கிறது.

திட்டமும் வழியும் நாளும் சொல்கிற பிள்ளையைத் தனியாக விடக் கூடாது, பஸ்ஸில் ஏற்றி அனுப்பக் கூடாது, கழிப்பறைக்குப் போனாலும் ஒருவர் வெளியே நிற்க வேண்டும். மருத்துவரிடம் சொல்லி, பெற்றவரை வரவழைத்து, 108இல் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புங்கள். ராமேஸ்வரத்திலிருந்து அது சுமார் 55 கிலோமீட்டர். ஏற்றிவிட்டதும் அங்கே யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் போனில் சொல்லிவிடுங்கள். சீட்டு மட்டும் பேசாது.

உடனடி ஆபத்து இல்லாத, ஆனால் எண்ணம் வந்துபோகும் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு சின்னத் திட்டம் எழுதுங்கள், அவன் கையெழுத்தில். எண்ணம் வருவதற்கு முன் என்ன நடக்கிறது, அப்போது நானே என்ன செய்யலாம், எந்த நண்பன் வீட்டுக்குப் போகலாம், எந்தப் பெரியவரிடம் சொல்லலாம், எந்த நம்பருக்குப் போடலாம். 14416 மத்திய அரசின் டெலி மானஸ், 2022 அக்டோபர் 10 முதல் நடக்கிறது, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டின் 104 சுகாதார உதவி எண்ணும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு 14417. நம்பரைச் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். உங்கள் முன்னாலேயே ஒரு தடவை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ராத்திரி 2 மணிக்கு முதல் தடவையாகப் புது நம்பருக்கு எந்தப் பிள்ளையும் போடாது. வீட்டில் இருக்கும் மாத்திரை, பூச்சிமருந்து, எலிமருந்து எல்லாவற்றையும் பெற்றவர் அன்றே வீட்டைவிட்டு அகற்ற வேண்டும் அல்லது பூட்ட வேண்டும். இதை அம்மாவிடம் மட்டும் சொன்னால் போதாது. பாட்டியிடமும் சொல்லுங்கள், அந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

எதையாவது விழுங்கிவிட்டு வந்த பிள்ளை தெளிவாகப் பேசி நடந்தாலும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். சில விஷங்கள் முதல் நாள் ஒன்றும் காட்டாமல், இரண்டு மூன்று நாள் கழித்துக் கல்லீரலைப் பிடிக்கும். குடும்பம் மறைக்கப் பார்க்கும். "போலீஸ் கேஸ் ஆயிரும், பொண்ணுக்கு நாளைக்கு மாப்ள கிடைக்காது" என்ற பயம். அவர்களிடம் உள்ளதைச் சொல்லுங்கள்: மருத்துவமனையில் பதிவு செய்வார்கள், போலீசுக்குத் தகவல் போகும், வந்து கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். ஆனால் தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 309ஆம் பிரிவு 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டத்தில் இல்லை. என்ன விழுங்கினாள் என்று உண்மையைச் சொன்னால்தான் டாக்டர் காப்பாற்ற முடியும். இந்தச் சில வாக்கியங்களில் எத்தனையோ குடும்பங்கள் பையிலிருந்து பாக்கெட்டை எடுத்துக் காட்டியிருக்கின்றன.

கையில் பிளேடு கீறலோடு வருபவர்களுக்கு முதலில் காயத்தைச் சுத்தம் செய்து கட்டுப் போடுங்கள், திட்டாமல். தழும்பைப் பார்த்து "இதெல்லாம் சினிமா பாத்துப் பண்றது" என்று சொல்லும் சக ஊழியர் இருந்தால் அவரைக் கட்டு அறைக்கு வெளியே வேறு வேலையாக அனுப்பிவிடுங்கள்.

பள்ளியில் ஒரு மாணவர் இறந்துவிட்டால் நம் வேலை அடுத்த நாளே தொடங்குகிறது. பள்ளி கேட்டுக்கு எதிரே பெரிய படத்தோடு "கண்ணீர் அஞ்சலி" ஃப்ளெக்ஸ் வைக்க வேண்டாம் என்று தலைமையாசிரியரிடமும் நண்பர்களிடமும் பொறுமையாகப் பேசுங்கள். எப்படி இறந்தார் என்ற விவரத்தை அசெம்பிளியில் சொல்ல வேண்டாம். ஒரே பெஞ்சுக்காரர், கடைசியாக போனில் பேசியவர், சண்டை போட்டவர், தம்பி தங்கை, ஏற்கெனவே உங்கள் பதிவேட்டில் இருப்பவர்கள் ஆகியோரை ஒவ்வொருவராகப் பாருங்கள்.

8. ரகசியம் எதுவரை

முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்: "நீ சொல்றத யார்ட்டயும் சொல்ல மாட்டேன். உன் உயிருக்கு ஆபத்துன்னாலோ, உன்ன யாராச்சும் தப்பாத் தொட்டாலோ மட்டும் சொல்லியே ஆகணும். அப்பவும் உன்ட்டச் சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்." பிறகு அதிர்ச்சி தருவதைவிட இது நல்லது.

18 வயதுக்குட்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி போலீசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். உறவுக்காரர், ஊர்ப் பெரியவர், ஜமாத், சர்ச் பங்கு என்று யார் வந்து "பேசி முடிச்சுக்கலாம்" என்றாலும் அந்தப் பேச்சில் நீங்கள் உட்காரக் கூடாது. முதல் தகவல் அறிக்கை வரட்டும் என்று சிகிச்சையைத் தள்ளவும் முடியாது. பிள்ளையிடம் நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். ஒரு முறை சொன்னதை அதே வார்த்தையில் எழுதி வையுங்கள்.

கல்லூரி மாணவர் 18 தாண்டியவர் என்றால் கணக்கு வேறு. அப்பா போன் போட்டு "என் மக உங்கள்ட்ட வந்தாளா?" என்று கேட்டால்கூட அவள் சம்மதம் இல்லாமல் பதில் சொல்ல முடியாது.

9. தர்கா, கோயில், சர்ச்

நீங்கள் பார்க்கும் பிள்ளைகளில் பலர் ஏற்கெனவே ஓதிப் பார்த்து, தாயத்துக் கட்டி, மந்திரித்துவிட்டு வந்திருப்பார்கள். அதைக் கேலி செய்கிற அன்றைக்கே அந்தக் குடும்பம் உங்களிடமிருந்து போய்விடும். "தண்ணி ஓதிக் குடிங்க, அதோட இந்த மாத்திரையையும் போடுங்க" என்று சொல்வதில் நமக்கு எந்த நஷ்டமும் இல்லை. ஏர்வாடி தர்காவிலேயே மருந்தும் துஆவும் (பிரார்த்தனையும்) சேர்ந்து கிடைக்க வேண்டும் என்ற ஏற்பாடு மாவட்ட மனநலத் திட்டத்தோடு நடந்துவருகிறது. மருந்தா நம்பிக்கையா என்று குடும்பத்தைத் தேர்ந்தெடுக்க வைத்தால் தோற்பது மருந்துதான்.

ஆனால் கட்டிப் போடுவது, பட்டினி போடுவது, அடிப்பது, சூடு வைப்பது வேறு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். இன்றைய சட்டத்தில் மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பது எந்த வடிவிலும் தடை. ஒரு பிள்ளையின் கணுக்காலில் கயிற்றுத் தடம் பார்த்தால் அங்கே பேச்சில் விட்டுக்கொடுக்க இடமில்லை. மருத்துவரிடமும் 1098இலும் சொல்லுங்கள்.

10. மருந்து தொடங்கிய பிறகு

பிள்ளைகளின் மனச்சோர்வுக்கு மருத்துவர் பெரும்பாலும் ஃப்ளூஆக்ஸெடின் எழுதுவார். பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். இதை முதல் நாளே சொல்லாவிட்டால் ஐந்தாம் நாள் "கேக்கல" என்று நிறுத்திவிடுவார்கள். ஆரம்ப வாரங்களில் சிலருக்குப் பரபரப்பும் சாவு எண்ணமும் கூடலாம். அதனால் முதல் மாதம் வாரம் ஒரு முறை கண்ணால் பார்த்தாக வேண்டும். மாத்திரையை அம்மா கையில் கொடுங்கள், ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுங்கள். அந்த ஒரு வார அளவு அடுத்த சந்திப்புக்கான கயிறும்கூட.

நோன்பு மாதத்தில் பகல் மாத்திரை நின்றுவிடும். நிறுத்தும் முன் மருத்துவரிடம் கேட்டு, விடியும் முன் சாப்பிடும் சஹர் நேரத்துக்கோ நோன்பு திறக்கும் நேரத்துக்கோ மாற்றிக்கொள்ளலாம் என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

வராமல் போனவரைத் தேடுவது தனி வேலை. தேதி தவறிய மறுநாள் போன். இரண்டு நாளில் கிராம சுகாதாரச் செவிலியர் அந்தத் தெருவுக்கு வேறு வேலையாகப் போகும்போது எட்டிப் பார்ப்பது. "ஏன் வரல?" என்று ஆரம்பிக்காமல் "வருவியோன்னு பாத்தேன்" என்று ஆரம்பியுங்கள்.

11. பள்ளியோடு வைக்கும் தொடர்பு

ஒவ்வொரு பள்ளியிலும் பிள்ளைகள் தாங்களாகப் போய்ப் பேசும் ஒரு டீச்சர் இருப்பார். அவர் பெரும்பாலும் தலைமையாசிரியராகவோ கவுன்சலிங் பொறுப்பு எழுதிக் கொடுக்கப்பட்டவராகவோ இருப்பதில்லை. சத்துணவு அக்காவாகக்கூட இருக்கலாம். அவரைக் கண்டுபிடியுங்கள். பள்ளிக்கு நீங்கள் சொல்ல வேண்டியது நோயின் பெயர் இல்லை, என்ன செய்ய வேண்டும் என்பது: "இந்தப் பிள்ளைய ரெண்டு வாரத்துக்கு போர்டுக்குக் கூப்பிடாதீங்க", "மதியம் தூக்கம் வரும், மருந்து", "தேர்வறைல கதவு பக்கம் உட்கார வைங்க". பிள்ளையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் ஒருவர் வேண்டும். வாரம் ஒரு தடவை மாவட்டக் குழுவின் உளவியலாளரிடம் போனில் கேஸ்களைப் பேசுங்கள். கனமான ஒரு பிள்ளையைப் பார்த்த அன்று ராத்திரி தூங்க முடியாமல் கிடந்து மறுநாள் ஊசி போடப் போவது யாருக்கும் நல்லதில்லை.

12. ஊரைவிட்டுப் போகும்போது

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் பாதிப் பேர் போய்விடுவார்கள்: மதுரை, சென்னை, கோயம்புத்தூர் கல்லூரி, திருப்பூர் கம்பெனி, சிலர் நேராக சவூதி. இரண்டு வருடம் பார்த்த பிள்ளையின் சிகிச்சை ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் அறுந்துவிடும். பிப்ரவரியிலேயே கேளுங்கள், எங்கே போகப் போகிறாய் என்று. போகும் ஊரில் அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவு எந்த நாளில் ஓ.பி. பார்க்கிறது என்று விசாரித்து எழுதிக் கொடுங்கள். தமிழ்நாட்டில் "மனம்" என்ற பெயரில் 2022 டிசம்பரில் மருத்துவக் கல்லூரிகளில் மனநல நல்லாதரவு மன்றங்கள் தொடங்கப்பட்டிருக்கின்றன. மருத்துவக் கல்லூரியில் சேரும் பிள்ளையிடம் அதையும் சொல்லிவையுங்கள். மருத்துவரிடம் கேட்டு ஒரு மாத மருந்தும், மூடிய உறையில் சுருக்கக் கடிதமும் கையில் இருக்கட்டும். ஹாஸ்டலில் போய்ச் சேர்ந்த முதல் வாரமும், முதல் செமஸ்டர் ரிசல்ட் வரும் வாரமும் உங்கள் பதிவேட்டில் தேதியாக இருக்க வேண்டும். அந்த இரண்டு போனையும் போட்டு, அங்கே ஒரு மருத்துவரை அவன் பார்த்துவிட்டான் என்று தெரிந்த பிறகு பெயருக்கு எதிரே "மாற்றம்" என்று எழுதுங்கள். அதுவரை அவன் உங்கள் பட்டியலில்தான்.